எல்லாம் சரியாத்தாங்க போகுது

அந்தச் சலவை ஆலையில் பெரியக்காவின் குரலைக் கேட்காதவர் கிடையாது. ஆறு இயந்திரங்கள் ஒன்றாகச் சுழலும். நீராவிக் குழாய்கள் சீறும். துணி வண்டிகளின் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் கடகடவென்று ஓடும். அத்தனை சத்தத்துக்கும் நடுவே, "ஏய், அந்த நீல மூட்டையைப் பிரிக்காதே, அது ஆஸ்பத்திரி மூட்டை!" என்று அவள் ஒரு மூலையிலிருந்து சொன்னால், எதிர்மூலையில் இருப்பவரின் கை அப்படியே நின்றுவிடும்.

சம்பளப் பட்டியலில் அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான் யாரும் இல்லை. ஆள் நல்ல உயரம். வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம். அதனால் வயதில் மூத்தவர்களுக்கும் அவள் பெரியக்காதான். சாப்பாட்டு இடைவேளையில் மேற்பார்வையாளர் ஐந்து நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தால் முதலில் எழுந்து நிற்பவள் அவள். "சார், எங்களைவிட உங்க கடிகாரத்துக்குத்தான் பசி ஜாஸ்தி போல. எங்க நேரத்தைச் சாப்பிடுதே" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். கூடமே சிரிக்கும். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டுப் போவார்.

ஆகவே, ஆலையின் பெரிய வாடிக்கையாளரான ஆஸ்பத்திரி, மாடியில் நடக்கும் மாதாந்திர நிர்வாகக் கூட்டத்தில் தொழிலாளி ஒருவரும் உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டபோது, யாரை அனுப்புவது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முப்பத்தோரு கைகள் அவளுக்காக உயர்ந்தன.

"உன் வாய் மேல போனா போதும்க்கா. நாங்க எல்லாரும் போன மாதிரி" என்றாள் சிட்டு.

சிட்டு என்பது அவளோடு சேர்ந்து வேலை செய்தவளின் பட்டப்பெயர். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குருவி தானியம் பொறுக்குவதுபோல் படபடவென்று ஓடும் கைகள். இருவரும் நின்றது துணி தேய்க்கும் ரோலருக்கு முன்னால். இரண்டு ஆள் நீளத்துக்குச் சூடேறிய இரும்பு உருளை அது. ஈரப் படுக்கைவிரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறு முனையை அவள் பிடிக்க, விரிப்பு உள்ளே இழுபட்டுப் போய், மறுபக்கம் காகிதம்போல் தட்டையாக வெளியே வரும். துணி எது, விரல் எது என்று அந்த உருளைக்குத் தெரியாது. அதனால்தான் அதன் முன்னால் குறுக்கே ஒரு மெல்லிய காவல் கம்பி வைத்திருந்தார்கள். விரல் நுனி பட்டாலும் போதும், உருளை சட்டென்று நிற்க வேண்டும்.

இரண்டு மாதமாக அது நிற்பதில்லை. விரிப்பின் மடிப்பு உரசினாலே உருளை நின்றுவிடுகிறது, வேலை பின்தங்குகிறது என்று, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் கம்பிக்குப் பின்னால் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து கம்பியை முஷ்டியால் இரண்டு தரம் ஓங்கிக் குத்தினால்தான் உருளை நிற்கும்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். முதல் தடவை சொன்னது காதுல ஏறவே ஏறாது" என்று சிட்டு அதையும் சிரிப்பாக்கிவிட்டாள். மேற்பார்வையாளரிடம் சொன்னதற்கு, "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

"கூட்டத்துல முதல்ல கம்பியைப் பத்திப் பேசுக்கா" என்று எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். "அதுக்குத்தானே போறேன்" என்று அவளும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இருபத்திரண்டு வருடத்தில் மாடிப் படிக்கட்டில் அவள் ஏறியது அதுவே முதல் தடவை. கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. தரை முழுக்க வெளிர் நிறக் கம்பளம். அவள் செருப்போ சலவைக்கூடத்துத் தண்ணீரில் ஊறி, அடியில் சோப்பு நுரையோடு இருந்தது. கம்பளம் கறையாகிவிடுமே என்று வாசலிலேயே கழற்றி வைத்தாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், அந்த அறையில் வெறுங்காலோடு இருப்பது தான் ஒருத்தி மட்டுமே என்று உறைத்தது. கால்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். நீரில் ஊறி வெடித்துப்போன கால்விரல்கள். மேஜையோ கண்ணாடி மேஜை, மறைக்க ஒன்றுமில்லை.

சின்ன மேடம் நல்ல மாதிரி. முதலாளியின் மகள்; அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு ஆலையை அவள்தான் நடத்துகிறாள். "வாங்க வாங்க, நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்து வந்து, தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் சிடுசிடுத்திருந்தால் பெரியக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிடுசிடுப்புக்குப் பதில் கொடுத்துப் பழக்கம் உண்டு. இந்த மரியாதையை வாங்கி எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கணக்காளர் சுவரில் படம் போட்டு ஏதோ விளக்கினார். ஏறும் கோடு, இறங்கும் கோடு, சதவீதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் தலையாட்டினார். மேற்பார்வையாளரும், எல்லாம் புரிந்தவர்போல், தலையாட்டினார். பெரியக்கா முன்னால் மெல்லிய கோப்பையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எடுத்தால் தட்டில் டிக்டிக்கென்று சத்தம் கேட்கும் என்று அவள் தொடவேயில்லை. அத்தனை பெரிய கோடுகளுக்கும் எண்களுக்கும் நடுவில் ஒரு கம்பி, அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் துண்டு... கீழே மலையாக இருந்த விஷயம் அந்த அறைக்குள் வந்ததும் கடுகாகச் சுருங்கிவிட்டது. இதை எந்த வார்த்தையால் ஆரம்பிப்பது? 'காவல் கம்பி' என்று அவர்களாக வைத்த பெயர் இங்கே புரியுமா? சிரித்துவிட்டால்?

அப்போதுதான் சின்ன மேடம் அவள் பக்கம் திரும்பினாள். "கீழ எல்லாம் எப்படிங்க போகுது? எதுவா இருந்தாலும் தயங்காம சொல்லுங்க."

நான்கு முகங்கள் அவளைப் பார்த்தன. உள்ளங்கை வியர்த்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தாள்.

"எல்லாம் சரியாத்தாங்க போகுது."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அதற்குள் கணக்காளர் தட்டச்சு செய்து முடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாள் வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளும் போட்டாள்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய அம்மா பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள். ஆறு வயதில் மகளையும் கூட்டிக்கொண்டு போவாள். பின்வாசலில் நிற்க வைப்பாள். அந்த வீட்டுக்காரம்மா, "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் அம்மாவின் கை அவள் தோளை மெல்ல அழுத்தும். அடித்தது கிடையாது, மிரட்டியது கிடையாது. அந்த ஒரு அழுத்தம்தான். பசி காதை அடைக்கும்போதும், "சாப்பிட்டேங்க" என்று பிள்ளை சொல்லும். வெளியே வந்ததும், "சமர்த்து" என்று அம்மா தலையைத் தடவிக்கொடுப்பாள்.

அவள் கீழே இறங்கி வந்தபோது சிட்டு வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சொன்னியாக்கா?"

இங்கேதான் இரண்டாவது தவறு நடந்தது. முதலாவதை அவள் யோசிக்காமல் செய்தாள். இதை ஒரு கணம் யோசித்தே செய்தாள்.

"சொல்லியிருக்கேன். பாக்கறோம்னாங்க."

"பாத்தியா! நான் சொன்னேன்ல?" என்று சிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கத்தினாள். கூடத்தில் கைத்தட்டல் எழுந்தது. பெரியக்கா விரிப்பின் முனையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மாலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். கைகளில் ஏறிய கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்படித்தான்மா. டாக்டர் முன்னால உக்காந்தா எந்த முட்டி வலிக்குதுன்னே மறந்துபோகுது. வெளிய வந்தா ரெண்டும் வலிக்குது."

"சிரிக்காதீங்க. யாருக்காவது கை போயிட்டா?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "நாளைக்கே மேல போய்ச் சொல்லிட்டு வந்துடு. ரெண்டு நிமிஷ வேலை. 'மேடம், கம்பி கெட்டுப்போச்சு, மாத்துங்க.' அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். சமையலறைக் குழாயின் முன் நின்று அதை ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தாள். குழாயிடம் நன்றாகவே வந்தது.

மறுநாள் படியேறினாள். சின்ன மேடத்தின் அறைக்கு வெளியே ஒரு பெண் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"இல்லீங்க."

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா..."

'சும்மா' என்று தன் வாயாலேயே சொன்ன பிறகு அங்கே நிற்க என்ன இருக்கிறது? இறங்கிவிட்டாள். படியில் ஒவ்வொரு அடிக்கும் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

நான்காம் நாள் வீட்டுக்காரரை எழுதச் சொல்லி ஒரு கடிதம் தயாரித்தாள். அதையும் கொடுக்கவில்லை. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவளே எதுவும் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால், 'அப்போ அன்னிக்கு ஏன் பொய் சொன்னே?' என்று கேட்க மாட்டார்களா? நாள் ஆக ஆக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. முதல் நாளே சொல்லியிருந்தால் மறதி. ஐந்தாம் நாள் சொன்னால் குற்றம். கடிதத்தை நான்காகக் கிழித்து ஆலையின் குப்பைத் தொட்டியில் போட்டாள். யாராவது ஒட்டிப் படித்துவிடுவார்களோ என்று திரும்பிப் போய் எடுத்து, எட்டாகக் கிழித்தாள்.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது ரோலர் முன்னால் நிற்பது. அவள் கண்கள் தன் கையிலிருந்த விரிப்பைப் பார்ப்பதை விட்டு, சிட்டுவின் விரல்களையே பார்த்தன. அதனால் விரிப்புகள் கோணலாகப் போயின.

"என்னக்கா ஆச்சு உனக்கு? என்னையே முறைச்சுப் பாக்கறே?"

"சட்டைக் கையை மடிச்சு விடு."

"மடிச்சா சூடு முழங்கையில அடிக்குதுக்கா. இன்னும் ரெண்டு நாள்தானே, அதான் சொல்லிட்டியே, வந்து மாத்திடுவாங்க."

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஹோட்டல் விரிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. சிட்டு தன் பையனின் பள்ளிக்கூடக் கூத்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஈரமான சட்டைக் கை விரிப்பின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. கை முன்னால் இழுபட்டது. மணிக்கட்டு கம்பியில் மோதியது. உருளை நிற்கவில்லை.

"அக்கா!"

பெரியக்கா பாய்ந்தாள். இரண்டு முஷ்டியாலும் கம்பியைக் குத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. உருளை நின்றது. அதற்குள் சிட்டுவின் இரண்டு விரல் நுனிகள் இரும்புக்கு அடியில் போயிருந்தன. பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி உருளையைத் தூக்கும் வரையில், சிட்டுவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை அங்கிருந்த யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

விரல்களைத் தண்ணீரில் முக்கி, ஈரத்துணி சுற்றி, துணி ஏற்றும் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விரல் போகவில்லை, தோல்தான் போயிருக்கிறது என்று கூடப் போனவள் அரை மணியில் தொலைபேசியில் சொன்னாள். மேற்பார்வையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை. சரி, மடிக்கிற பக்கத்துலேர்ந்து ஒரு ஆள் இங்க வாங்க. ஒரு மணிக்கு ஹோட்டல் வண்டி வந்துடும். ஓட்டுங்க."

பெரியக்கா சுவரிலிருந்த விசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஓட்ட முடியாது சார்."

"என்னது?"

"அந்த ரப்பரை எடுக்கற வரைக்கும் இதை யாரும் ஓட்ட மாட்டாங்க. நான் தள்ளி நிக்க மாட்டேன்."

கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. ஒவ்வொருவராக மற்ற இயந்திரங்களையும் நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை அதட்டிப் பார்த்தார். பிறகு மாடிக்குப் போனார்.

சின்ன மேடம் இறங்கி வந்தாள். நீராவியில் அவள் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றித் துடைத்தாள், மறுபடி ஆவி படிந்தது. கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டாள். உயர்ந்த குதிகாலோடு ஈரத்தரையில் வழுக்கிவிடுமோ என்று சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"சொல்றதைவிடக் காட்டறேங்க" என்றாள் பெரியக்கா. ஒரு துவாலையைக் கை கனத்துக்குச் சுருட்டினாள். விசையைப் போட்டு, சுருளால் கம்பியை அழுத்தினாள். உருளை நிற்கவில்லை. துவாலை உள்ளே போய், தட்டையாகி, ஆவி பறக்க மறுபக்கம் வந்து விழுந்தது. "விரல் பட்டாலே நிக்கணும்ங்க இது. பின்னால ரப்பர் வெச்சிருக்கு. ரெண்டு மாசமா இப்படித்தான் ஓட்டறோம்."

சின்ன மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. பிறகு பெரியக்காவை நேராகப் பார்த்தாள்.

"ஒன்பது நாளைக்கு முன்னாடி நான் உங்களைக் கேட்டேனே. எல்லாம் சரியா போகுதுன்னுதானே சொன்னீங்க?"

கூடத்திலிருந்த முகங்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அன்று கைத்தட்டியவர்கள் அவர்கள்.

"கேட்டீங்க. சொல்ல வரலீங்க."

"ஏன்? தயங்காம சொல்லுங்கன்னுதானே சொன்னேன்?"

கேள்வியில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. சின்ன மேடத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. கேட்டால் பதில் வரும் என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். பெரியக்கா எதையெதையோ சொல்ல நினைத்தாள். தோளை அழுத்திய அம்மாவின் கையைப் பற்றி இவளிடம் எப்படிச் சொல்வது?

"இங்க வந்து கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேங்க" என்றாள்.

சின்ன மேடம் ஈரத் தரையைப் பார்த்தாள்.

அன்றே ரப்பர் துண்டு போனது. மூன்றாம் நாள் வெளியிலிருந்து ஆள் வந்து புது விசை பொருத்தினார். விசாரணை என்று ஒன்று நடந்தது. மேற்பார்வையாளர் கூட்டக் குறிப்பைத்தான் எடுத்து நீட்டினார்: 'தொழிலாளர் பிரதிநிதி, எல்லாம் சரியாக நடப்பதாகத் தெரிவித்தார்.' கீழே அவளுடைய கோணல் கையெழுத்து. இரண்டு மாதமாக அவரிடம் வாயால் சொன்னது எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. பிட்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. மேற்பார்வையாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. தனக்கு வேலை போய்விடும் என்று பெரியக்கா இரண்டு வாரம் காத்திருந்தாள். மாடியிலிருந்து தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அழைப்பு வரவில்லை.

கூடத்தில் யாரும் அவளைத் திட்டவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு மட்டும் நின்றுவிடும். "மேல போனா எல்லாரும் அப்படித்தான்" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. மேலே அவள் ஓர் ஆள் இல்லை. இப்போது கீழேயும் இல்லை.

ஒரு விடுமுறை நாளில் சிட்டுவின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"மேல வாய் வரலைன்னா அதை நான் கேக்க மாட்டேன்க்கா. நானா இருந்தா மயக்கம் போட்டிருப்பேன்" என்றாள். "கீழ வந்து எங்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னியே, அது என்னத்துக்கு? அங்க பயந்தே, சரி. எங்கிட்ட என்ன பயம்?"

பெரியக்கா அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ என்னைப் பெரிய ஆள்னு நெனைச்சுட்டிருந்தே. அது போயிடுமோன்னு."

சிட்டு எழுந்து, நல்ல கையால் அடுப்பைப் பற்ற வைத்தாள். பெரியக்கா உதவிக்கு எழுந்தபோது, "உக்காரு" என்று மட்டும் சொன்னாள். சிட்டு போட்ட தேநீரை இருவரும் குடித்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வேறு யாராவது போகட்டும் என்று பெரியக்கா சொன்னாள். யாரும் முன்வரவில்லை. வேலைக்குத் திரும்பியிருந்த சிட்டுதான், "நீயே போ. வார்த்தை எங்க மாட்டிக்கும்னு உனக்குத்தான் இப்ப தெரியும்" என்றாள். அவள் குரலில் பழைய விளையாட்டு இன்னும் திரும்பவில்லை.

"அப்போ நீயும் வா. தனியா மட்டும் போக மாட்டேன்."

விதிப்படி ஒருவர்தான் என்றார் கணக்காளர். சின்ன மேடம் இன்னொரு நாற்காலி போடச் சொன்னாள். மறுபடியும் கோடுகள், சதவீதங்கள். தன் முறை வந்தபோது பெரியக்காவுக்கு அதே வியர்வை, அதே ஒட்டிக்கொண்ட நாக்கு. சிட்டு பக்கத்தில் இருந்தாள் என்பதால் பயம் குறைந்துவிடவில்லை. பொய் சொல்ல மட்டும் முடியாமல் போனது. உலர்த்தும் அறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி நின்றுபோய் மூன்று வாரமாகிறது, போன வாரம் ஒருத்தி மயங்கி விழுந்தாள் என்று சொன்னாள். வந்த குரல் யாருடையதோ என்று இருந்தது, அத்தனை சின்னது. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் ஆஸ்பத்திரிக்காரர். மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

தாள் கையெழுத்துக்கு வந்தபோது, "படிச்சுக் காட்டுங்க" என்றாள். கணக்காளர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படித்தார். 'உலர்த்தும் அறை சற்று வெப்பமாக இருப்பதாக' என்றிருந்தது.

"சற்று இல்லீங்க. ஒருத்தி விழுந்துட்டா. அதைப் போடுங்க."

திருத்தி எழுதும் வரை பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "நான் சொன்னது சரிதானே? அதிகமாப் பேசிட்டேனா?" என்று சிட்டுவை மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்காரர் மாலையில் கேட்டார்: "என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க."

விசிறி வந்து சேர ஆறு வாரம் ஆனது. அதற்குள் இன்னொரு கூட்டம் வந்தது. இரண்டு நாள் முன்பிருந்தே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று காலை போகாமல் இருந்துவிடலாமா என்று பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தாள். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள்.